மண்ணைத் தேற்ற எந்தக் காசு? வன்னிக் கமக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று எங்கே போனாலும், கமக்காரர் அமைப்புக் கூட்டம் முடிந்து ஆட்கள் எழும்பின பிறகுதான் உண்மையான கேள்விகள் வரும். மண் களைத்துப்போனது எல்லோருக்கும் தெரியும். திருத்துகிற வழியும் பாதி தெரியும். யார் காசு போடுவது, எந்தக் காசைத் தொடலாம், எதைத் தொடவே கூடாது என்பதில்தான் குழப்பம். அந்தக் கேள்விகளைச் சேர்த்து, நேரடியாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

எரு போட்டால் மண் தேறும். இதற்கு ஏன் "நிதி" என்று பெரிய பேச்சு?

எருவே காசுதான். கணக்கைப் பாருங்கள். 50 கிலோ யூரியா மூடை ஒன்றில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. உலர்ந்த மாட்டெருவில் நைதரசன் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். அப்படியானால் அந்த ஒரு மூடைக்கு ஈடாக இரண்டு டன்னுக்கு மேல் எரு வேண்டும். மாட்டுப் பட்டிக்காரரிடம் வாங்க வேண்டும், உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி இறக்க வேண்டும், பரப்ப ஆள் பிடிக்க வேண்டும். அதிலுள்ள நைதரசனும் உடனே முழுதாகப் பயிருக்குக் கிடைக்காது, மெதுவாகத்தான் வெளிவரும்.

ஆக முதல் போகத்தில் செலவு கூடும், விளைச்சல் கூடாது. மண் மாறியது கண்ணுக்குத் தெரிய மூன்று நாலு வருசம் போகும். அந்த இடைக்காலச் செலவை யார் தாங்குவது என்பதுதான் நிதி பற்றிய கேள்வி.

வன்னி மண்ணுக்கு அப்படி என்ன நடந்தது? முந்தி நல்லாய்த்தானே விளைந்தது?

பாதி இயற்கை, பாதி நாங்கள்.

மேட்டுக்காணிகளில் பெரும்பாலும் செங்கபில மண். காய்ந்தால் கல்லாக இறுகும், நனைந்தால் ஒட்டும். உழுவதற்கு ஏற்ற ஈரம் சில நாட்கள்தான் நிற்கும். வருசத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த முதல் மழை வெறும் தரையில் விழுந்தால் மேல்மண்ணை அள்ளிக்கொண்டு குளத்துக்குள் போகும். மிச்ச மாதங்களின் வெக்கையில் சேதனப் பொருள் (மண்ணிலுள்ள மக்கு) வேகமாகச் சிதைந்துவிடும். எனவே இந்த மண்ணுக்கு ஒவ்வொரு வருசமும் தீன் போட்டாக வேண்டும்.

போர் செய்தது வேறு. மண் அணைகள் கட்டிய இடங்களில் மேல்மண்ணை வழித்துத்தான் அணையாக்கினார்கள். 2009க்குப் பிறகு சனம் மீள்குடியேறி வந்து அணையைத் தள்ளி நிரவியபோது, அடிமண் மேலே வந்துவிட்டது. அப்படியான வயலில் வரம்பில் நின்று பார்த்தாலே போதும், அணை போன கோடு தெரியும். அந்தப் பட்டையில் நெல் மஞ்சளித்துக் கட்டையாக நிற்கும், இரண்டு அடி தள்ளிப் பச்சையாக நிற்கும். பசளை ஒன்று, தண்ணீர் ஒன்று, விதைத்தவரும் ஒருவர். மண் மட்டும்தான் வேறு.

அதற்குப் பிறகு நடந்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு. வைக்கோல் எரிப்பு, போகத்துக்குப் போகம் நெல்லுக்கு மேல் நெல், காடு வெட்டிய சரிவில் வரம்பில்லாத உழவு. மணலும் கிரவலும் அள்ளிய குழிகள் இன்னொரு பக்கம்.

2021 இல் சேதனப் பசளை என்று சொல்லிப் பட்டது போதாதா? திரும்பவும் அதே கதையா?

அந்தக் கோபம் நியாயமானது. 2021 சித்திரையில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்துவதாக அறிவித்தது, கார்த்திகையில் பின்வாங்கியது. அதற்குள் காலபோகம் (மாரிகாலப் பயிர்ச்செய்கை) தொடங்கிவிட்டது. யூரியா இல்லாமல் விதைத்தவர்கள் விளைச்சலை இழந்து கடனில் விழுந்தார்கள்.

எரு மண்ணுக்குக் கூடாது என்று அதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. ஒரு நாடு முழுக்கத் தேவையான எரு இல்லாமலும், மண்ணுக்கு அவகாசம் கொடுக்காமலும், இழப்பைத் தாங்கக் காசு ஒதுக்காமலும் செய்தார்கள். இங்கே சொல்வது யூரியாவை விடச் சொல்லியல்ல. சேதனப் பொருள் ஏற ஏற, போடுகிற யூரியா மண்ணில் நிற்கும், பிறகு அளவைக் குறைக்கலாம். வீணாகும் நைதரசனில் ஒரு பகுதி நைதரசு ஒட்சைட்டாக மேலே போகிறது. அது காபனீரொட்சைட்டைப் போல் 270 மடங்கு அளவுக்குச் சூடேற்றும் வாயு. காலநிலைக்காரருக்கும் கமக்காரருக்கும் ஒரே இடத்தில் நட்டம்.

வங்கியில் பயிர்ச்செய்கைக் கடன் எடுத்து மண்ணைத் திருத்தலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் நினைவில் வைத்திருப்பதென்றால் இதை வைத்திருங்கள்.

பயிர்ச்செய்கைக் கடன் அறுவடையோடு திருப்பிக் கட்டுவதற்காகச் செய்யப்பட்டது. விதை, உழவு, பசளை, களைநாசினி போன்றவற்றுக்குச் சரி, ஏனென்றால் போட்ட காசு அதே போகத்தில் நெல்லாக வருகிறது. மண் அப்படி நாலு மாதத்தில் திருப்பித் தராது. வங்கி நாலாம் மாதம் கேட்கும், மண் நாலாம் வருசம் தரும். இடையில் நீங்கள் நகையை அடைவு வைப்பீர்கள். கடைக்காரரிடம் பசளையைக் கடனுக்கு எடுத்து, களத்திலேயே அவர் சொன்ன விலைக்கு நெல்லை அளந்து கொடுப்பீர்கள். அறுவடை நேரத்தில் நெல் விலை எங்கே நிற்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கடன் எடுக்கக்கூடிய ஒரு விடயம் உண்டு: பல பேர் சேர்ந்து பாவிக்கும் சாமான். வைக்கோலும் குழையும் வெட்டுகிற மெசின், எரு ஏற்றும் பெட்டி போன்றவை. வாடகைக்கு விட்டால் மாதாமாதம் வரவு வரும், தவணை கட்டலாம். அதையும் தனி ஆளின் பெயரில் எடுக்காமல் சங்கத்தின் பெயரில் எடுப்பது நல்லது.

அப்ப எந்தக் காசு பொருத்தம்?

திருப்பிக் கேட்காத காசு, அல்லது நீண்ட காலம் பொறுக்கிற காசு. மானியம், பொதுத் திட்டங்களின் ஒதுக்கீடு, சங்கத்தின் சேமிப்பு, வெளிநாட்டிலிருக்கும் உறவுகள் தருவது. இதற்கெல்லாம் முன்னால், ஏற்கெனவே வயலில் கிடந்து எரிந்துபோகிற காசு.

வயலில் எரிகிற காசா?

வைக்கோல்தான். ஒரு டன் வைக்கோலில் சுமார் 5 முதல் 8 கிலோ நைதரசனும், பசளை மூடையில் எழுதுகிற கணக்கில் 14 முதல் 20 கிலோ பொட்டாசும் இருக்கின்றன. ஏக்கருக்கு இரண்டு டன் நெல் வெட்டினால் ஏறக்குறைய அதே அளவு வைக்கோல் கிடக்கும். அதிலுள்ள பொட்டாசு ஒரு மூடை எம்.ஓ.பி. என்ற பொட்டாசுப் பசளைக்குச் சமம். நெருப்பு வைத்தால் நைதரசன் ஏறக்குறைய முழுவதும் புகையோடு போகும். பொட்டாசு சாம்பலில் மிஞ்சினாலும் காற்றிலும் முதல் மழையிலும் அள்ளுப்படும்.

எரிக்கிறவர்கள் ஏன் எரிக்கிறார்கள் என்பதும் தெரிந்ததுதான். அறுவடை மெசின் வைக்கோலை வரிசையாகக் குவித்துவிட்டுப் போகும். அப்படியே உழுதால் கலப்பையில் சுற்றும். ஆகவே மெசின் போன கையோடு, இரண்டு பேர் கூரிய தடியால் அந்த வரிசைகளை விசிறிவிட வேண்டும். பரப்பிக் கிடந்தால் வெயிலில் நொறுங்கும், மாடு கொஞ்சம் தின்றுவிட்டு அங்கேயே சாணம் போடும். புரட்டாசி மழையில் காய்ச்சல் உழவோடு (தண்ணீர் கட்டாமல் உழுவது) மடக்கிவிடுங்கள். விதைப்புக்கு மூன்று கிழமையாவது முந்தி மடக்க வேண்டும். இல்லாவிட்டால் வைக்கோல் சிதையும்போது நைதரசனை இழுத்துக்கொண்டு இளம் பயிர் மஞ்சளிக்கும். தண்ணீர் கட்டிய வயலில் பச்சை வைக்கோலைப் புதைத்தால் பூமியைச் சூடேற்றும் மெதேன் வாயுவும் கூடும். காய்ச்சல் உழவில் அந்தத் தொல்லை குறைவு.

செலவு? அந்த இரண்டு பேரின் அரைநாள் கூலி.

அரசாங்கம் தரும் பசளைக் காசை எருவுக்குப் பாவிக்கலாமா?

2024 காலபோகத்திலிருந்து நெல்லுக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. ஏக்கருக்குப் பத்தாயிரம் ரூபாவளவில் வரும். மூடையாகக் கொடுத்த காலத்தில் உங்களுக்குத் தெரிவு இருக்கவில்லை. இப்போது காசு வங்கிக் கணக்குக்கு வருகிறது, அது பெரிய மாற்றம். முழுவதையும் எருவுக்குப் போடாதீர்கள். ஒரு துண்டு வயலை மட்டும் தெரிந்து, அதற்குரிய பங்கில் ஒரு பகுதியை எருவுக்கு மாற்றிப் பாருங்கள். பக்கத்துத் துண்டோடு ஒப்பிட்டால் உங்களுக்கே கணக்கு விளங்கும்.

காலநிலைக்கென்று உலகம் கோடிகோடியாகக் கொடுக்கிறதாம். அதில் வன்னிக்கு ஏதாவது வந்ததா?

வந்திருக்கிறது. ஆனால் பெரும்பாலும் தண்ணீருக்கு.

பசுமைக் காலநிலை நிதியம் 2010 இல் உருவாக்கப்பட்டது, தலைமையகம் தென்கொரியாவில். அது 2016 இல் இலங்கையின் உலர்வலயத்துக்குச் சுமார் 38 மில்லியன் டொலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் ஊடாக ஏழு மாவட்டங்களில் சிறுகுளங்களைத் திருத்தும் வேலை. மல்வத்து ஓயா உட்பட மூன்று ஆற்றுப் படுகைகளை வைத்துத் தெரிந்தபடியால் வவுனியாவும் மன்னாரும் உள்ளே வந்தன (மல்வத்து ஓயா மன்னாருக்குள் வரும்போது எங்களுக்கு அருவி ஆறு). கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அதில் இல்லை. அப்புறம் 2019 இல் உலக வங்கி 125 மில்லியன் டொலர் கடனாக ஒப்புக்கொண்ட காலநிலைக்குச் சீரான நீர்ப்பாசன விவசாயத் திட்டம், வட மாகாணத்தையும் சேர்த்து ஆறு மாகாணங்களுக்கு. இரணைமடுவைத் திருத்த விவசாய அபிவிருத்திக்கான சர்வதேச நிதியம் காசு தந்தது.

அணைக்கட்டு உயர்ந்தது, துருசு (குளத்து மதகு) மாறியது, வாய்க்காலுக்குக் கொங்கிறீட் வந்தது. எல்லாம் தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் போய் விழுகிற மண்ணுக்கு என்று ஒதுக்கியது மிகக் குறைவு. கொங்கிறீட்டை அளந்து, படம் எடுத்து, அறிக்கையில் போடலாம். மண்ணின் சேதனப் பொருளை அப்படிக் காட்ட முடியாது. திட்டம் முடிகிற திகதிக்குள் அது ஏறியும் இருக்காது.

உலக அளவிலும் இதே கதை. பாலைவனமாதலை எதிர்க்கும் ஐ.நா. சமவாயம் 2024 மார்கழியில் ரியாத்தில் கூடியபோது வெளியிட்ட கணக்கின்படி, 2030 வரை நிலங்களைத் தேற்ற வருசத்துக்கு 355 பில்லியன் டொலர் வேண்டும், கிடைக்கக்கூடியது 77 பில்லியன். காலநிலை நிதி என்று எண்ணப்படும் மொத்தக் காசில் சிறு கமக்காரரைச் சேர்வது ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

அந்தக் காசுக்கு நாங்கள் நேரடியாக விண்ணப்பிக்கலாமா?

தனி ஆளாக முடியாது. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களும் அரசாங்கமும்தான் கேட்கலாம். ஆனால் திட்டம் ஊருக்கு வரும்போது பிரதேச செயலகத்திலோ கமநல சேவை நிலையத்திலோ "உங்களுக்கு என்ன தேவை" என்று ஒரு கூட்டம் வைப்பார்கள். அங்கே எல்லோரும் வாய்க்கால், ரோட்டு, களஞ்சியம் என்று எழுதுவார்கள். நீங்கள் மண்ணுக்கு என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், தொகையோடு. குளத்து மேற்புறக் காட்டை வளர்ப்பது, அணைக்கட்டுக்குக் கீழே உவரைத் தடுக்கும் மரக்கூட்டத்தைத் திரும்ப வைப்பது, மாட்டுக்கு மேய்ச்சல் தரை ஒதுக்குவது. இவை இல்லாமல் குளம் முழுமையாகாது. இலங்கை உலர்வலயத்தின் தொடர்குளக் கிராம முறையை ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 2017 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபாக அங்கீகரித்தது, இந்த மரமும் புல்லும் சேர்ந்ததையே. அதைச் சொல்லிக் கேட்கலாம்.

காபன் காசு தருகிறோம், கையெழுத்து வையுங்கள் என்று ஆட்கள் வந்தால்?

மண்ணில் காபனைச் சேர்த்து வைத்தால், புகை விடும் கம்பனிகள் அதற்கு ஈடாகக் காசு தருவதுதான் காபன் காசு. கையெழுத்து வைக்க முன்னம் இந்தக் கணக்கைப் போடுங்கள். ஒரு ஏக்கரில் மேல் ஒரு அடி மண் சுமார் 1,700 டன் எடை. அதில் சேதனக் காபனை 0.1 சதவீதம் ஏற்றினால் 1.7 டன் காபன். காபனீரொட்சைட்டுக் கணக்கில் ஆறு டன் சொச்சம். டன்னுக்குப் பத்து டொலர் என்று வைத்தால் அறுபது டொலர். அந்த 0.1 ஏற ஐந்து வருசம் எடுத்தால் வருசத்துக்குப் பன்னிரண்டு டொலர். இதிலிருந்துதான் மண் மாதிரி எடுப்பவர், சரிபார்ப்பவர், பதிவு செய்பவர், இடைத்தரகர் எல்லோருக்கும் போக வேண்டும்.

ஆயிரக்கணக்கான ஏக்கர் ஒன்றாகச் சேர்ந்தால் ஏதாவது மிஞ்சலாம். இரண்டு ஏக்கர்காரரின் கைக்குப் பெரிதாக ஒன்றும் வராது. வெறா என்ற பெரிய காபன் பதிவகம் 2024 இல் சீனாவில் 37 நெல் வயல் திட்டங்களை ஒரேயடியாக நிராகரித்ததையும் மறக்க வேண்டாம்.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது: எத்தனை வருசம் கட்டுப்படுகிறீர்கள், இடையில் காணியை விற்றால் அல்லது பிள்ளைக்குக் கொடுத்தால் என்ன, காபன் ஏறாவிட்டால் காசைத் திருப்பிக் கேட்பார்களா, எல்லாம் தமிழில் இருக்கிறதா. இதில் ஒன்றுக்குத் தெளிவான பதில் இல்லை என்றாலும் கையெழுத்து வேண்டாம்.

வயலைக் காயவிட்டு நனைத்தால் மெதேன் குறையும் என்கிறார்களே?

குறையும். தண்ணீர் மிச்சமும் வரும். ஆனால் உங்கள் வாய்க்காலில் முறைத் தண்ணீர் சொன்ன நாளுக்கு வரும் என்ற நம்பிக்கை வேண்டும். அது இல்லாத கடைமடைக்காரரைக் காயவிடச் சொல்வது அநியாயம்.

குத்தகை வயலுக்கு எரு போட்டால் வருகிற வருசம் வேறு ஒருவருக்கல்லவா லாபம்?

உண்மை. மண்ணுக்குக் காசு போகாததற்கு இது பெரிய காரணம். போகத்துக்குப் போகம் குத்தகை மாறினால் யாரும் எரு போட மாட்டார்கள். குத்தகையை மூன்று வருசத்துக்கு எழுதிக்கொள்ளுங்கள். காணிக்காரர் வெளிநாட்டில் இருந்தால் எருச் செலவில் பாதியை அவர் ஏற்கட்டும், காணி அவருடையதுதானே.

உங்கள் சொந்தக் காணி உறுதி இல்லாமல், 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த பெர்மிட் காணி என்றால், அதை ஈடு வைத்து நீண்டகாலக் கடன் எடுப்பது லேசில்லை. அதனால்தான் வன்னியில் நகையும் குறுங்கடனும் இந்தளவுக்குப் புழங்குகின்றன.

வெளிநாட்டில் இருக்கும் தம்பி காசு அனுப்புகிறேன் என்கிறான். எதில் போடட்டும்?

பசளை வாங்க அதைப் பாவிக்காதீர்கள், அது ஒரு போகத்தோடு கரைந்துவிடும். மாட்டுக் கொட்டிலுக்குச் சீமெந்துத் தரையும் சலம் (மூத்திரம்) வடிகிற குழியும் கட்டுங்கள். மாட்டின் நைதரசனில் பெரும் பங்கு சலத்தில்தான் போகிறது. வெறும் மண் தரையில் அது வீண். எருக்குழிக்கு ஒரு கூரை போடுங்கள், மார்கழி மழை எருவின் சத்தைக் கழுவிக்கொண்டு போகாது. வேலி முழுக்கச் சீமைக்கிளுவை நடுங்கள். வெட்ட வெட்டக் குழை தரும்.

ஊருக்கே தர விரும்பினால் கோயில் வாசலுக்குப் பக்கத்தில் இன்னொரு வளைவு கட்டுவதைவிட, சங்கத்துக்கு ஒரு குழை வெட்டும் மெசின் வாங்கித் தரட்டும்.

பெண்கள் சங்கத்தில் நுண்கடன் எடுத்துக் கூட்டெரு தொழில் தொடங்கலாமா?

கிழமைக்குக் கிழமை தவணை கேட்கும் கடனில் வேண்டாம். கூட்டெரு முற்ற மூன்று மாதம் வேண்டும், விற்கப் பிறகும் நாள் எடுக்கும். நுண்கடனால் வன்னிப் பெண்கள் பட்ட பாட்டை எல்லோரும் பார்த்தோம். 2018 இல் வறட்சி மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை அரசாங்கமே பொறுப்பெடுக்க வேண்டி வந்தது. சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில், அறுவடைக்குப் பிறகு கட்டுகிற மாதிரித் தவணை பேசி எடுக்க முடிந்தால் பரவாயில்லை. முன்கூட்டியே எருவை வாங்க ஆள் பிடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

குளத்து வண்டலை அள்ளி வயலில் போடலாமா?

நல்ல வழி. மேட்டிலிருந்து கழுவுப்பட்டுப் போன உங்கள் மண்தான் அது. 80 ஹெக்டேயருக்குக் குறைவாகப் பாய்ச்சும் சிறுகுளம் என்றால் கமநல சேவை நிலையத்தில் கேட்க வேண்டும். மண்ணை லொறியில் ஏற்றி வெளியே கொண்டுபோக அனுமதி தனியாக வேண்டும். மேலுள்ள வண்டலை மட்டும் எடுங்கள், அடியிலுள்ள களிப்படையைக் கிளறினால் குளம் ஒழுகும். வண்டல் என்று சொல்லிக் கிரவல் அள்ளுகிறவர்களை அமைப்பு அனுமதிக்கவே கூடாது.

உவர் பிடித்த காணிக்கு ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். போடவா?

முதலில் மண்ணைச் சோதியுங்கள். சோடியம் கூடிய மண்ணுக்குத்தான் ஜிப்சம் உதவும். வெறும் உப்பு என்றால் மழைத் தண்ணீரைக் கட்டி வடித்துக் கழுவ வேண்டும். அதற்கு வடிகால் வேண்டும். வடிகால் ஒருவர் காணியோடு நிற்காது, எனவே அது பொதுக் காசில் நடக்க வேண்டிய வேலை. தனி ஆள் மூடை மூடையாக ஜிப்சம் வாங்கிக் கொட்டுவதில் பயனில்லை. அதுவரைக்கும் தாங்குகிற இனத்தை விதையுங்கள். பூநகரியில் மானாவாரியாக விதைக்கிற மொட்டைக்கறுப்பனுக்கு நல்ல விலையும் உண்டு.

மண் மாதிரி எப்படி எடுப்பது?

ஒரு வயலில் எட்டுப் பத்து இடத்தில், குறுக்கும் மறுக்குமாக நடந்து, அரை அடி ஆழத்துக்கு எடுங்கள். வரம்போரம், எருக் குவித்த இடம், மர நிழல் வேண்டாம். எல்லாவற்றையும் ஒரு வாளியில் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ போதும். உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கொடுத்தால் எங்கே அனுப்புவது என்று சொல்வார். முடிவுத் தாளைக் கவனமாக வைத்திருங்கள். மூன்று வருசத் தாள்கள் கையில் இருக்கிற அமைப்பு, திட்டக் கூட்டத்தில் பேசும்போது அதிகாரிகளும் காது கொடுப்பார்கள்.

எதிலிருந்து தொடங்குவது?

பசுந்தாள் பசளைக்கு விதைக்கிற சணலிலிருந்து. காலபோகம் வெட்டியதும், ஈரம் இருக்கும்போதே விதைத்து, பூக்கத் தொடங்கும் நேரத்தில் மடக்கி உழுங்கள். செலவு விதைக்கும் ஒரு உழவுக்கும்தான். தடையாக இருப்பது கட்டாக்காலி மாடு. ஒருவர் மட்டும் விதைத்தால் ஊர் மாடு முழுக்க அங்கேதான் நிற்கும். ஆகவே அறுவடைக்கு முன்னமே அமைப்புக் கூட்டத்தில் பட்டிக்காரர்களையும் கூப்பிட்டு, எந்த வெளியில் சணல், எந்த வெளியில் மேய்ச்சல், மாடு எந்தத் திகதிக்குப் பிறகு இறங்கலாம் என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். இரவில் யார் வயலில் பட்டி அடைப்பது என்பதையும் அதே கூட்டத்தில் பேசிவிடலாம். அந்த எருவுக்கு ஏற்றுக்கூலி இல்லை.